வெடிப்பில் விழுந்த உளுந்து

அக்டோபர் 3

கோவில்பட்டியில் ஒன்பதே கால் பஸ்ஸை விட்டுவிட்டேன். விதைப்பு அன்றைக்கா இப்படி ஆக வேண்டும்? ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஆறுமுகத்தாய் வேலிக் கதவைத் திறந்து, கூலிக்கு வந்த எட்டுப் பேரையும் வரப்பில் உட்காரவைத்துவிட்டு, விதைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க வாறதுக்குள்ள ஒருத்தியும் தொடக்கூடாதுன்னுட்டேன்" என்றாள். இவளைக் காவலுக்கு எடுத்தது நான் செய்த உருப்படியான காரியம்.

முந்தாநாள் மழையில் கரிசல் நல்ல பதம். செருப்போடு ஒட்டி வந்த மண்ணே ஒரு கிலோ இருக்கும். இருபத்துநாலு பாத்தி. பன்னிரண்டில் சாதா உளுந்து, பன்னிரண்டில் என்னுடையது. என்னுடையது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, நிறுவனத்துடையது. ஆனால் பதினோரு வருஷம் அதோடு மல்லுக்கட்டியது யார்? கரட்டில் கருகிக் கிடந்து ஒரே தூறலில் பச்சை விடும் ஒரு புல் உண்டு. அதிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்து உளுந்துக்குள் வைத்தோம். தொட்டியில் நாற்பது நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கியது. இந்த வானம் பார்த்த பூமியில் தாங்குமா என்று பார்க்க இந்த ஒரு பருவத்துக்குத்தான் அரசு அனுமதி.

கோயம்புத்தூரிலிருந்து என் வீட்டுக்காரர் போன். "ஏட்டி செண்பகம், கல்யாணம் ஆன நாள்லேருந்து உளுந்து உளுந்துங்கிற. என்னிக்காவது ஒரு வடை சுட்டுத் தந்திருக்கியா?" செல்வகணேஷுக்கு இந்தக் கேலி சலிக்கவே சலிக்காது. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்கிறது. சாப்பிட அனுமதி வரும்வரை ஒரு மணியைக்கூட வாயில் போடக்கூடாது. எலிகளுக்குத் தொண்ணூறு நாள் கொடுத்துப் பார்த்தோம், அவை நன்றாகத்தான் இருந்தன. எலி தின்றிருக்கிறது. நான் தின்றதில்லை.

அக்டோபர் 9

முளைத்துவிட்டது. எண்ணி முடித்தபோது கண்ணில் நீர். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அக்டோபர் 12

வேலைக்கு வருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தேன். வேலிக்கு வெளியே ஒரு இலை போகக்கூடாது. ஆடு உள்ளே வரக்கூடாது. காலில் ஒட்டின மண்ணைக்கூட வாசலில் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். அறுத்ததில் ஒரு மணி வீட்டுக்குப் போகக்கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஆறுமுகத்தாய் மட்டும் கேட்டாள்.

"அப்ப இத யாருதான் திங்க?"

"இப்ப யாரும் இல்ல. பின்னால எல்லாரும். உலகத்துல உள்ள எல்லாரும்."

"நல்லா இருக்கே! ஒலகமே திங்கப் போறத ஊர்ல ஒருத்தரும் திங்கக்கூடாதாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 5

அக்டோபர் பத்தாம் தேதியோடு மழை இல்லை. இருபத்தாறாம் நாள்.

நவம்பர் 16

முப்பத்தேழு நாள். பக்கத்துப் புஞ்சை தங்கச்சாமி அண்ணாச்சியுடையது. அவர் உளுந்து பூப்பதற்குள் சுருண்டுவிட்டது. என் சாதாப் பாத்திகளும் அப்படியே. மற்ற பன்னிரண்டும் — எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடும் — பச்சைப் பசேலென்று பூத்து நிற்கின்றன. வேலிக்கு வெளியே இருந்து பார்த்தாலே எது எது என்று தெரிகிறது.

அண்ணாச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"இது என்ன வெதம்மா? எனக்கு ரெண்டு படி எடுத்து வையி. என்ன வெலன்னாலும் தந்திருதேன்."

"தர முடியாது அண்ணாச்சி. விதி."

"நானும் சம்சாரிதானம்மா. களவாங்கவா போறேன்?"

என்னத்தைச் சொல்ல? என் அப்பாவும் ஓட்டப்பிடாரத்தில் புஞ்சை உழுத சம்சாரிதான் என்று சொன்னேன். அது அவருக்குப் பதிலாகப் படவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் மேற்கே மேகம் கூடியது. பெய்துவிடக் கூடாதே, இன்னும் மூன்று நாள் பொறுத்தால் நாற்பது ஆகிவிடுமே என்று மனசு வேண்டியது. அந்த மனுஷன் பயிர் கண்ணெதிரே சாகிறது, மழை வேண்டாம் என்று வேண்டுகிறேன். இப்படியும் ஒரு பொம்பளையா? மேகம் கலைந்துவிட்டது. அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன்.

நவம்பர் 19

நாற்பது.

நவம்பர் 27

மழை ஒருவழியாக வந்து, அண்ணாச்சிக்குப் பிரயோஜனம் இல்லாமல் போனது. அவர் பயிரை ஆட்டுக்கு விட்டுவிட்டார்.

காய் முற்றியிருக்கிறதா பார்க்க ஒன்றைப் பிளந்தேன். ஆறு மணி, பச்சையாக, பாலோடு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நிஜமாகவே கை வாய்க்கருகில் வந்துவிட்டது. எப்படி இருக்கும்? கொஞ்சம் கசக்குமோ? அந்தப் புல்லின் வாடை ஏதாவது வருமோ? இதன் புரதம், சுண்ணாம்புச் சத்து, மாவுச்சத்து எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ருசி மட்டும் தெரியாது. பிள்ளை பெறாதவள் பேர் தேடினமாதிரி என்று அம்மா சொல்வாள். அது எனக்கு இரண்டு விதத்திலும் பொருந்தும், போகட்டும்.

ஆறு மணியையும் பையில் போட்டு எண்ணிக்கை எழுதினேன். ஆறுமுகத்தாய் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு வாயில போட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ட்டி."

எப்போது மேடம் போய் அக்கா வந்தது என்று கவனிக்கவில்லை.

டிசம்பர் 6

எங்கள் இயக்குநர் இசக்கிராஜா சார், பணம் கொடுக்கும் இரண்டு பேரோடு வந்தார். பாத்தி நடுவில் நின்று பேசினார். 2050இல் உலகத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் கோடி வாய்கள், நிலம் கூடாது, தண்ணீர் குறையும், வேறு வழி இல்லை. கேலியாக எழுதவில்லை, நானும் இதை நம்புகிறவள்தான். நம்பாவிட்டால் பதினோரு வருஷம் யார் இருப்பது? "பாதுகாப்பைப் பற்றி?" என்று ஒருவர் கேட்டார். "நூறு சதவீதம்" என்றேன். எத்தனையாவது தடவை சொல்கிறேனோ.

டிசம்பர் 17

அறுவடை. தார்ப்பாய் விரித்து, செடி செடியாகப் பிடுங்கி, பாத்தி வாரியாகக் கட்டி, மூட்டைக்கு முத்திரை வைத்தோம். நெற்று நன்றாகக் காய்ந்திருந்தது, தொட்டாலே வெடித்துச் சிதறியது. நாற்பது நாள் வறட்சியில் கரிசல் வாய் பிளந்தது, பின்னால் பெய்த மழை போதாமல் இன்னும் மூடவில்லை. விரல் போகிற அகலத்துக்கு வெடிப்பு. அதற்குள் கொஞ்சம் விழுந்திருக்கும். நாளை மறுநாள் டிராக்டர் வந்து உழுது மூடிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பிற்பகலில் வேலிக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் ஓலைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். சிந்தினது பொறுக்க. இந்தப் பக்கத்தில் அறுத்த புஞ்சையில் சிந்திக் கிடப்பது பொறுக்குகிறவளுக்குச் சொந்தம், யாரும் யாரையும் கேட்பதில்லை. எனக்குத் தெரியாதா? அவர்களில் பெரியவள் வள்ளிமயில், "ஆச்சாம்மா, உள்ள வரலாமா?" என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. மறுபடியும் இல்லை என்றேன், இந்தத் தடவை சத்தமாக. எழுந்து போனார்கள். ஒருத்தி போகிறபோக்கில் வேலி ஓரம் ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

ஆறுமுகத்தாய் முகமே சரியில்லை. "பொறுக்க வந்தவள வெரட்டினா ஆகாதுக்கா" என்றாள். விதி என்றேன். இந்த ஊரில் அந்த வார்த்தையை எத்தனை தடவைதான் சொல்வேன்.

டிசம்பர் 22

எடை போட்டாயிற்று. சாதாவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மூன்று மடங்கு! இசக்கிராஜா சார் போனிலேயே "சபாஷ்" என்று கத்தினார். செல்வகணேஷிடம் சொல்ல முடியாமல் அழுதேன். அவர் வடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 4

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஆறுமுகத்தாயின் மகள் பிரித்திகா சடங்காகியிருக்கிறாள். பதிமூன்று வயது. ஆறுமுகத்தாயே வந்து, "நீங்க வராம இருக்கக்கூடாதுக்கா" என்று கூப்பிட்டாள். பாவாடை தாவணி, வளையல், கடலை மிட்டாய் ஒரு டப்பா எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளை மூலையில் பாய் மேல் உட்கார்ந்து, கையெல்லாம் பிசுபிசுவென்று களி தின்றுகொண்டிருந்தது. உளுந்தங்களி. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

ஆறுமுகத்தாய் குரலைத் தாழ்த்தினாள். முகமெல்லாம் சந்தோஷம். "யக்கா, சாப்பிடுங்க. இது ஒங்க உளுந்து."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அறுவடை அன்று எல்லாரும் போன பிறகு இவள் போயிருக்கிறாள். இருட்டும் வரை வெடிப்பில் குச்சியை விட்டு விட்டுப் பொறுக்கியிருக்கிறாள். அரைப்படி தேறியது. "ஒரு பொம்பளையும் பொறுக்காத புஞ்ச மலடாப் போகும்க்கா. நீங்க இவ்வளவு பாடுபட்டது வெளங்காமப் போயிரக்கூடாதுல்லா? ஒங்களுக்காகத்தான் பொறுக்கினேன். அறுத்ததுல நான் ஒரு மணி தொடல. சிந்தினதுதான்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவளும் இதைத்தான் செய்திருப்பாள். நானே செய்திருப்பேன். மூன்று நாளாக அந்தப் பிள்ளைக்கு மூன்று வேளையும் இதுதான்.

ஆயிரம் கோடிப் பேருக்கு நூறு சதவீதம் பாதுகாப்பானது என்று சொன்ன வாய், ஒரு பிள்ளை விரலை நக்குவதைப் பார்த்து வறண்டுபோனது. ஒவ்வாமைச் சோதனை இன்னும் முடியவில்லையே. எலி வேறு, இவள் வேறு. எனக்குத் தெரியும், ஒன்றும் ஆகாது. தெரியுமா? நிஜமாகத் தெரியுமா செண்பகம்?

பிரித்திகா கேட்டாள், "ஏன் சாப்பிட மாட்டேங்கீங்க? நல்லா இல்லியா?"

சாப்பிட்டேன். அந்தப் பிள்ளை தின்றதை நான் வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். பதினோரு வருஷமாக ஏங்கிய ருசி. கசப்பு இல்லை, புல் வாடை இல்லை. உளுந்துதான். நம்ம வீட்டு உளுந்து மாதிரியே, அப்படியே உளுந்து. நான் அழுததைப் பார்த்து, களி அவ்வளவு நன்றாக இருக்கிறதாக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஜனவரி 5

காலையிலேயே போய்ப் பிரித்திகாவைப் பார்த்தேன். அரிப்பு இருக்கா, மூச்சு முட்டுதா, வயிறு எப்படி? ஆறுமுகத்தாயின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது தின்னலாமா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "தெரியாததையா என்னய காவக்காக்கச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். மிச்சமிருந்த உளுந்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு டம்ளர் இருந்தது.

தின்றவர்கள் எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தோம். பிள்ளை, அவள், களி கிண்டிக் கொடுத்த அவள் தங்கை இசக்கிச்செல்வி, நான்.

ஜனவரி 6

இசக்கிராஜா சாருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அரைப்படி உளுந்து, யாருக்குத் தெரியும்? எழுதாதே" என்றார். மிரட்டவில்லை, கெஞ்சினார். அதுதான் தாங்கவில்லை. "மூணு மடங்கும்மா! மூணு மடங்கு! கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்திருக்கு, நீ விரட்டுதியே!"

அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். கோபம் வந்தால் நெல்லைத் தமிழ் வந்துவிடும்.

அரசுக்கு எழுதாமல் இருக்கலாம். இருந்தால் அடுத்த வருஷம் ஐந்து ஊரில் சோதனை. ஆறேழு வருஷத்தில் தங்கச்சாமி அண்ணாச்சி கையில் விதை. எழுதினால் எல்லாம் நிற்கும். ஆனால் பிரித்திகாவை ஒரு வருஷம் டாக்டர் பார்க்க வேண்டும். என்ன தின்றாள் என்று அவரிடம் சொல்லாமல் எப்படி? ஊரறிய "பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டு, முதன்முதலில் தின்ற பிள்ளையை மறைத்து வைப்பதா? என்னால் முடியாது சார். முடியாது. என்னய விட்ருங்க.

ஜனவரி 7

எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 11

ஆறுமுகத்தாய் என் அறை தேடிக் கோவில்பட்டிக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே கேட்டாள். "நான் களவாண்டேன்னு எழுதிட்டீங்களாக்கா?"

எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'சிந்திய மணிகளைப் பொறுக்குவது இப்பகுதியின் வழக்கம். இது எனக்குத் தெரிந்தும், அறுவடை நாளன்றே நிலத்தை உழுது மூடாதது என் தவறு.' அவள் பெயர் எங்கும் இல்லை. இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 20

உத்தரவு வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு வயல் சோதனை இல்லை. அறுவடை எல்லாம் எரிக்கப்பட்டது, நான்தான் நின்று எரித்தேன். மூல விதை ஒரே ஒரு டப்பா, குளிர்ப்பெட்டியில், முத்திரையோடு. திட்டத் தலைமையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சோதனை நடந்த நிலத்தை ஒரு வருஷம் கண்காணித்து, தானாக முளைப்பதைப் பிடுங்க ஆள் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறுமுகத்தாயின் வேலையையும்.

உலகத்துக்கே போட நினைத்த உளுந்து. தின்றது மொத்தம் நாலு பேர்.

ஏப்ரல் 8

மூன்றாவது ரத்தப் பரிசோதனை. நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை. பிரித்திகா ஊசிக்குப் பயந்து டாக்டர் கையைக் கடிக்கப் பார்த்தாள். வரும் வழியில் பரோட்டா கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்பது எவ்வளவு பெரிய சேதி. யாரிடம் சொல்வது? நாலு பேரை வைத்து யாரும் கட்டுரை எழுத முடியாது.

செல்வகணேஷ் வேலையை விட்டுவிட்டு வா என்கிறார். கோபமாக இல்லை, ஆசையாக. எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்போல்தான் இருக்கிறது. ஆனால் மழைக்காலம் வர வேண்டும். என்ன முளைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அக்டோபர் 8

போன ஞாயிறு மழை. ஊரே விதைக்கிறது. எங்கள் வேலிக்குள் மட்டும் வெறும் கரிசல்.

இன்று நானும் ஆறுமுகத்தாயும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்துகொண்டே நடந்தோம். உழுது மூடியும், வெடிப்பு இருந்த தடத்திலேயே முளைத்திருந்தன. எவ்வளவு ஆழத்தில் கிடந்தனவோ, ஒவ்வொன்றும் இரண்டு இலை விட்டு நின்றது. பதினேழு. பிடுங்கப் பிடுங்க வேரோடு வந்தன, மண் அவ்வளவு இளக்கம். கடைசிச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள், "இதையுமாக்கா?" என்றாள்.

"அதையும்தான்."

கொடுத்துவிட்டாள். பதினேழும் கைக்குள் ஈரமாக இருந்தன.

தங்கச்சாமி அண்ணாச்சி பக்கத்துப் புஞ்சையில் சாதா உளுந்துதான் விதைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார், வேலிப் பக்கம் வரவில்லை.

"எல்லாரும் எங்கிட்டத்தான் வந்து கேக்காவ" என்றாள் ஆறுமுகத்தாய். "மழையில்லாம நின்னுச்சே அந்த வெத எங்கன்னு. நான் என்னன்னு சொல்ல?"

"வரும்னு சொல்லு."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பிரித்திகா கல்யாணத்துக்குள்ள வந்திருமா?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வருஷத் தடை. அப்புறம் மறுபடி ஒரு பருவம், அப்புறம் ஐந்து ஊர், அப்புறம் சாப்பாட்டுச் சோதனை, அப்புறம் டெல்லியில் கையெழுத்து. கை விரல் பத்தும் தீர்ந்துவிட்டது. அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் அவசரப்படலக்கா. அவள நல்லாப் படிக்க வச்சு மெதுவாத்தான் கட்டிக்கொடுப்பேன். ஒங்களுக்கும் நேரம் வேணும்லா."